கிளிநொச்சிப் பக்கம் கோடிக்கணக்கில் வீடு கட்டுகிறவர்கள் எந்தக் காசில் கட்டுகிறார்கள்?

பரந்தன்காரன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நேரடியாகவே கேட்கிறேன். நான் அபிவிருத்தி உத்தியோகத்தர், மனைவி ஆசிரியை. கழிவெல்லாம் போக இரண்டு பேருக்கும் சேர்த்து மாதம் 1 இலட்சத்து 30 ஆயிரம் அளவில் கைக்கு வரும். மூன்று வயதில் ஒரு பிள்ளை. மாமியார் வீட்டில்தான் இருக்கிறோம். கல்யாணத்தின்போது மாமா தந்த அரை ஏக்கர் காணி இருக்கிறது, ஆனால் அது உறுதிக் காணி இல்லை, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணி.

போன மாதம் ஒப்பந்தக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு விலை கேட்டோம். மூன்று அறை, ஹோல், குசினி, உள்ளே குளியலறை, எல்லாமாக 1,200 சதுர அடி. சதுர அடிக்கு 9,000 ரூபா என்றார், அதாவது 1 கோடியே 8 இலட்சம். மதில், கேற், கிணறு எல்லாம் தனிக்கணக்காம். அன்றிரவு நானும் மனைவியும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு சதமும் செலவழிக்காமல் இரண்டு சம்பளத்தையும் அப்படியே சேர்த்தாலும் ஏழு வருடம் வேண்டும், அதற்குள் விலை எங்கே போய் நிற்குமோ தெரியாது.

ஆனால் ஏ9 வீதியில் ஆனையிறவிலிருந்து மாங்குளம் வரைக்கும் போனால் இரண்டு பக்கமும் மாடி வீடுகள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. உள் ஒழுங்கைகளிலும் அதே கதைதான். என்னோடு ஒரே அலுவலகத்தில், ஒரே சம்பளத்தில் இருக்கிற இரண்டு பேர் கட்டி முடித்துக் குடிபூரலும் வைத்துவிட்டார்கள். எனக்குப் பொறாமை இல்லை, அவர்கள் நல்லாக இருக்கட்டும். ஆனால் எப்படி என்று கேட்டால் ஒருவரும் சொல்வதில்லை. 'கடவுள் பார்த்தார்', 'ஏதோ சமாளிச்சம்' என்று முடித்துவிடுகிறார்கள். மாமியார் நேரே ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் ஊரில் யார் வீடு கட்டினாலும் அந்தச் செய்தி இரவுச் சாப்பாட்டோடு எங்களுக்கு வந்துவிடும்.

எங்களிடம் ஏதாவது குறை இருக்கிறதா, இல்லையென்றால் நாங்கள் பார்க்காத கணக்கு ஒன்று இருக்கிறதா? கடன் எடுக்கலாமா, பொறுக்கலாமா, சின்னதாகத் தொடங்கலாமா? தெரிந்தவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

வட்டக்கச்சி விவசாயி:

தம்பி, உங்களிடம் ஒரு குறையும் இல்லை. மாதச் சம்பளத்தில் மாடி வீடு கட்டினவர் என்று இந்தப் பக்கத்தில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. வருமானம் என்பது சாப்பிட, உடுக்க, பிள்ளை படிக்க. வீடு வருமானத்தில் எழும்புவதில்லை, மொத்தமாக ஒரு காசு எங்கிருந்தோ வந்தால்தான் எழும்பும். வெளிநாட்டுக் காசு, காணி விற்ற காசு, வேலை விட்டு வரும்போது கிடைக்கும் காசு, சீதனம், இல்லாவிட்டால் கடன். இதில் ஒன்றாவது எல்லா வீட்டுக்குப் பின்னாலும் இருக்கும்.

விவசாயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வயல் வைத்திருக்கிறவனிடம் காசு கொட்டிக் கிடக்கிறது என்று உத்தியோகத்தில் இருக்கிறவர்கள் நினைப்பது உண்டு. 2025 இல் அரசாங்கம் நாட்டு நெல்லுக்கு வைத்த விலை கிலோ 120 ரூபா, சம்பா 125, கீரிச்சம்பா 132. எங்கள் வயலில் மாரியில் செய்கிற காலபோகம் நல்லாக வந்து ஏக்கருக்கு 1,500 கிலோ எடுத்தால் நாட்டுக்கு 1 இலட்சத்து 80 ஆயிரம் வரும். உழவு, விதைநெல், உரம், களைநாசினி, அறுவடை மெசின், ஏற்றுக்கூலி என்று அதில் பாதிக்கு மேல் போய்விடும். மிச்சத்தை ஆறு மாதத்துக்குப் பிரித்துப் பாருங்கள். கோடையில் செய்கிற சிறுபோகம் என்றால் இரணைமடுக் குளத்தில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறதோ அதற்கேற்ற பங்குதான், வைத்திருக்கிற காணி முழுவதும் விதைக்க முடியாது. 2021 இல் இரசாயன உரத்தை ஒரே நாளில் நிறுத்தினார்களே, அந்தப் போகத்தில் விழுந்தவர்கள் பலர் இன்னும் கடைக்காரருடைய கடன் கொப்பியில் இருக்கிறார்கள்.

பத்து ஏக்கர், பதினைந்து ஏக்கர் குத்தகைக்கு எடுத்து, சொந்த உழவு இயந்திரம், அறுவடை மெசின் வைத்துச் செய்கிறவர்கள் கட்டுகிறார்கள்தான். ஆனால் அவர்களும் நெல்லில் கட்டவில்லை, மெசினை வாடகைக்கு விட்ட காசில் கட்டினார்கள். அந்த மெசினுக்கும் லீசிங் இருக்கும்.

உங்கள் கந்தோர் ஆட்களைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் அந்த இரண்டு பேருக்கும் கனடாவிலோ பிரான்சிலோ கூடப்பிறந்தவர் யாரும் இருக்கிறார்களா என்று யோசித்துப் பாருங்கள்.

கடன்பிரிவு:

வங்கியில் வேலை செய்கிறேன், எந்த வங்கி என்று சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் இந்தக் கேள்வியோடு ஆட்கள் வருவதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. 50 இலட்சத்தை 12 வீத வட்டியில் 20 வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 55,000. மொத்தமாகக் கட்டி முடிக்கும்போது 1 கோடியே 32 இலட்சம் போயிருக்கும். இதே 50 இலட்சத்துக்கு வட்டி 25 வீதம் என்றால் மாதம் 1 இலட்சத்து 5 ஆயிரம். 25 வீதம் எங்கே வரப்போகிறது என்று நினைக்காதீர்கள், 2022 கடைசியில் வந்தது. அப்போது மாறும் வட்டியில் கடன் எடுத்திருந்தவர்களுக்குத் தவணை திடீரென்று இரண்டு மடங்கை நெருங்கியது. சம்பளம் அதே சம்பளம், சாமான் விலை ஏறிக்கொண்டே போனது, அதோடு இந்தத் தவணை. அதனால் வங்கிக்குப் போனால் கேட்க வேண்டிய முதல் கேள்வி வட்டி எத்தனை என்பதில்லை, எத்தனை வருடத்துக்கு மாறாமல் நிற்கும் என்பதுதான். அதைக் கடிதத்தில் வாங்குங்கள்.

இரண்டாவது, நீங்கள் இருவரும் அரச ஊழியர்கள், அது பெரிய பலம். அரச ஊழியர்களுக்கு வீடு, காணிக்கென்று ஆதனக் கடன் இருக்கிறது, வட்டியில் ஒரு பங்கை அரசாங்கம் ஏற்கும். சம்பளத்தில் கழிக்கக்கூடிய அளவுக்கு எல்லை இருப்பதால் கேட்ட தொகை முழுவதும் கிடைக்காது. ஏற்கனவே இடர்க்கடன், பைக் கடன் எல்லாம் எடுத்திருந்தால் அந்த இடம் சுருங்கிவிடும். பலர் தொலைபேசிக்கும் கல்யாணத்துக்கும் கடன் எடுத்துச் சம்பளத்தில் இடமில்லாமல் வந்து நிற்கிறார்கள், அதைப் பார்க்க எனக்கு உண்மையில் கவலையாக இருக்கும்.

மூன்றாவதுதான் வன்னியின் பெரிய சிக்கல். உங்கள் காணி பெர்மிட் காணி. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குடியேற்றத் திட்டங்களில் கொடுத்த காணி அது. அதை நினைத்தபடி விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது, பிரதேச செயலகத்தின் சம்மதம் வேண்டும். பெர்மிட்டை அளிப்புப் பத்திரமாக மாற்றினால் சில கதவுகள் திறக்கும். 2024 இல் 'உறுமய' என்று முழு உரிமையோடு உறுதி கொடுக்கும் திட்டம் ஒன்றையும் தொடங்கினார்கள். உங்கள் கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று காணிக் கிளையில் போய்க் கேளுங்கள். அதைவிட முக்கியம், அந்தப் பெர்மிட் இப்போது யார் பெயரில் இருக்கிறது? மாமாவின் பெயரிலேயே இருந்தால், வாயால் தந்தது சட்டத்தில் தந்ததாகாது. அதன்மேல் ஒரு கோடி போட்டு வீடு கட்டி, பிறகு மச்சான்மாரோடு வழக்கு என்று வந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். காணிக்காரருக்குப் பிறகு காணி யாருக்கு என்கிற பின்னுரித்தாளர் விஷயத்தில் மூத்த ஆண்பிள்ளைக்கு முன்னுரிமை என்று இருந்ததை 2022 இல் திருத்தினார்கள், ஆகவே மனைவியின் பெயருக்கு மாற்றுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒழுங்கைக்காரன்:

கேட்கிறவருக்கு மரியாதையோடுதான் சொல்கிறேன். மற்றவன் எந்தக் காசில் கட்டினான் என்பதை ஏன் நாங்கள் அறிய வேண்டும்? இந்தக் கேள்விதான் எங்கள் ஊரில் பாதி வருத்தத்துக்குக் காரணம். ஒருவன் கட்டினால் 'எங்கால காசு' என்று கதை, கட்டாவிட்டால் 'இவ்வளவு உழைத்தும் ஒரு வீடு இல்லை' என்று கதை. எனக்கு மணல், கிரவல் ஏற்றுகிற தொழில். டிப்பர் வாங்கிய நாளிலிருந்து எனக்குப் பின்னால் என்னென்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியும். விடிய நான்கு மணிக்கு எழும்பினதை ஒருவரும் பேசவில்லை. உழைக்கிறவன் காசு வைத்திருப்பது குற்றம் என்ற மாதிரி ஒரு எண்ணம் எங்களுக்குள் வந்துவிட்டது, அது நல்லதில்லை.

புதுக்குடியிருப்பு அக்கா:

ஒழுங்கைக்காரன் தம்பிக்கு முதலில். நீங்கள் சொல்வது உங்கள் பக்கத்தில் சரி. ஆனால் பரந்தன் தம்பி கேட்டது வம்புக்காக இல்லை. ஒருவரும் கணக்கைச் சொல்லாததால்தான் இளம் பிள்ளைகள் தங்களிடம் மட்டும் ஏதோ பிழை என்று நினைத்துப் போய்க் கடனில் விழுகிறார்கள். அதனால் நான் என் கணக்கை முழுவதுமாகச் சொல்கிறேன்.

இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் இருந்து வந்து இறங்கியபோது எங்களுக்குத் தறப்பாளும் தகரமும் கொஞ்சக் காசும் தந்தார்கள். நகை ஒன்றும் மிஞ்சவில்லை. 2009 இல் அரிசிக்கும் பால்மாவுக்கும் நகை கொடுத்த சனம் நாங்கள், அதை இங்கே இருக்கிற ஒருவருக்கும் விளக்கத் தேவையில்லை. அப்புறம் இந்திய வீட்டுத்திட்டம் வந்தது. 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா, கட்டக் கட்டத் தவணையாக வங்கிப் புத்தகத்தில் விழும். வடக்குக் கிழக்கில் மட்டும் 46,000 வீடு அந்தத் திட்டத்தில் கொடுத்ததாகக் கணக்கு. 550 சதுர அடி அளவில் வீடு. நாங்களே மேசனைப் பிடித்து, நாங்களே கல் அரிந்து கட்டினோம். எல்லோரும் ஒரே நேரத்தில் கட்டினதால் மேசன் கூலியும் மணலும் கல்லும் ஏறிக்கொண்டே போனது. தந்த காசு கூரைக்கு வரும்போது முடிந்துவிட்டது. எங்கள் வட்டாரத்தில் பெரும்பாலான வீட்டுக்காரர் கதவு, யன்னல், சீமெந்துப் பூச்சுக்குக் கடன்தான் எடுத்தார்கள்.

அந்த நேரத்தில்தான் சின்னக் கடன் கொடுக்கிற மைக்ரோ கம்பனிகள் மோட்டார் சைக்கிளில் வீடுவீடாக வந்தன. ஐந்து பேர் குழு, ஒருவருக்கு ஒருவர் பிணை, கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டும். கணவன் இல்லாத பெண்கள்தான் அதிகம் எடுத்தார்கள், வங்கி அவர்களை உள்ளே எடுக்கவில்லை என்றபடியால். ஒன்றைக் கட்ட இன்னொன்று, அதைக் கட்ட மூன்றாவது. 2018 இல் வரட்சி பாதித்த 12 மாவட்டப் பெண்களுக்கு ஒரு இலட்சம் வரைக்குமான கடனை அரசாங்கம் ஏற்றுக்கொள்ளும் என்று அறிவிக்கிற அளவுக்கு அது போனது. வீட்டை முடிக்க எடுத்த கடன் வீட்டுக்காரியையே ஊரை விட்டு ஓட வைத்ததை எங்கள் ஊர் பார்த்தது. அதனால் தம்பி, எவ்வளவு அவசரம் வந்தாலும் கிழமைக் கட்டுக் கடன், மீட்டர் வட்டி பக்கம் வீட்டுக்காக மட்டும் போக வேண்டாம். இதைக் கையெடுத்துக் கேட்கிறேன்.

என் வீடு இப்போது 1,000 சதுர அடிக்கு மேல். எப்படி வந்தது என்றால் மகள் ஆடைத் தொழிற்சாலைக்குப் போனாள், நான் தையல், கோழி. 20 பேர் சேர்ந்த சீட்டு ஒன்று, தெரிந்த அக்காமார் மட்டும். சீட்டு விழுந்த வருடத்தில் ஒரு அறை. அடுத்த சீட்டில் குசினியும் புகைபோக்கியும். வாங்கிய சின்ன நகையை வங்கியில் அடகு வைத்து டைல்ஸ், பிறகு மீட்டது. பார்க்கிறவர்களுக்கு இப்போது முழு வீடு தெரிகிறது, ஆனால் அது எத்தனையோ வருடம் பூசாத சுவரோடு நின்ற வீடு. பூசாத சுவரோடு இருக்க வெட்கப்படாதவர்கள்தான் எங்கள் பக்கத்தில் கடனில்லாமல் வீடு கட்டி முடித்தவர்கள். குடிபூரல் வீட்டுக்குப் பெரிய பந்தல் போட்டு, வீடியோ எடுத்து, ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு கொடுத்தவர்களில் சிலர் இன்றைக்கும் அந்தச் சாப்பாட்டுக்கு வட்டி கட்டுகிறார்கள்.

பேர்ணிலிருந்து முழங்காவிலான்:

வெளிநாட்டுக் காசு என்று எல்லோரும் சொல்வதால் அந்தப் பக்கத்தையும் எழுதுகிறேன். சுவிஸ் வந்து இருபது வருடத்துக்கு மேல். உணவகக் குசினியில் வேலை, பின்னேரம் ஒரு கந்தோரில் துப்புரவு வேலை. முழங்காவிலில் அக்காவுக்கு ஒரு மாடி வீடு கட்டிக் கொடுத்தது நான்தான். இங்கே நான் இருப்பது வாடகை வீடு, மூன்று அறையில் ஐந்து பேர்.

இந்த நாட்டில் சொந்த வீட்டில் இருக்கிறவர்கள் நூற்றுக்கு நாற்பது பேர் கூட இல்லை, மற்ற எல்லோரும் வாடகைதான், சுவிஸ்காரர் உட்பட. வீடு வாங்க வேண்டும் என்றால் விலையில் ஐந்தில் ஒன்றை முதலில் நாங்கள் கையால் வைக்க வேண்டும். மிச்சத்துக்கு வங்கி தரும்போது, வட்டி உண்மையில் குறைவாக இருந்தாலும் 5 வீதம் என்று வைத்துக் கணக்குப் பார்க்கிறார்கள், அந்தக் கணக்கில் வீட்டுச் செலவு வருமானத்தின் மூன்றில் ஒன்றைத் தாண்டினால் கடன் இல்லை. வட்டி கூடினால் தாங்குவாயா என்று முன்கூட்டியே சோதிக்கிற முறை அது. கடன்பிரிவு எழுதிய 2022 கதையை வாசித்தபோது இதுதான் ஞாபகம் வந்தது. எங்கள் ஆட்களும் தாங்களாகவே இப்படி ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைக்கலாம்.

அப்படியென்றால் ஊரில் இவ்வளவு வீடு எப்படி என்றால், பெரிய பங்கு நாணய மாற்றுத்தான். 2022 தொடக்கத்தில் ஒரு பிராங்குக்கு 200 சொச்சம் ரூபா வந்தது, சில மாதத்தில் 350 ஐத் தாண்டியது. இங்கே 10,000 பிராங்க் சேர்த்து வைத்தவனுக்கு ஊரில் 21, 22 இலட்சமாக இருந்த காசு 35 இலட்சமாகியது. சீமெந்து மூட்டை 3,000 தாண்டினாலும் எங்களுக்குத் தாங்கக்கூடியதாக இருந்தது, ஊரில் சம்பளம் எடுக்கிறவனுக்கு அது சாவுவிலை. அதாவது நீங்கள் உழைப்பில் குறைந்தவர் இல்லை, நீங்கள் உழைக்கிற காசும் வீதியோரத்து மாடி வீட்டுக்காரரின் காசும் வேறு வேறு. மேசன் கூலி, காணி விலை எல்லாம் எங்கள் காசைப் பார்த்து ஏறுகிறது, அதைக் கொடுக்க வேண்டியவர் நீங்கள். அது அநியாயம் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மாடி வீடுகளில் எத்தனை பூட்டிக் கிடக்கின்றன என்று போய்ப் பாருங்கள். விடுமுறைக்கு இரண்டு கிழமை வந்து நிற்கவும், ஊரில் 'இன்னாரின் வீடு' என்று சொல்லவும் கட்டினது. எங்கள் பிள்ளைகள் திரும்பி வந்து இருக்கப்போவதில்லை. அக்காவுக்குக் கட்டினதில் எனக்குச் சந்தோசம், அவ அதில் இருக்கிறா. ஆனால் அதே காசில் வீட்டைச் சின்னதாக்கி மருமகனுக்கு ஒரு தொழில் போட்டுக் கொடுத்திருந்தால் நல்லது என்று அவவே சொல்லுவா. மேல்மாடியைக் கூட்டித் துடைக்க அவவுக்கு முழங்கால் விடாது.

பரந்தன்காரன்:

எல்லோருக்கும் நன்றி. மனைவியும் கூட இருந்து வாசித்தா. அக்காவின் பதிவை மாமியாருக்கும் வாசித்துக் காட்டினோம், அவ நிறைய நேரம் பேசவில்லை, பிறகு '550 அடி வீட்டிலதானே நாங்களும் பிள்ளைகளை வளர்த்தனாங்கள்' என்றா.

பெர்மிட் மாமாவின் பெயரில்தான் இருக்கிறது. அதை மனைவிக்கு மாற்றுகிற வேலையை முதலில் தொடங்குகிறோம், வருகிற கிழமை விதானையாரிடம், அதாவது கிராம அலுவலரிடம், கடிதம் எடுத்துப் பிரதேச செயலகத்துக்குப் போவோம். ஆதனக் கடன் எங்கள் சம்பளத்துக்கு 30 இலட்சம் வரையில் சரிவரலாம் என்று ஒருவர் சொன்னார். சேமிப்பில் 9 இலட்சம் இருக்கிறது, மனைவியின் நகையைத் தொடுவதில்லை என்று முடிவு. இந்த 39 இலட்சத்தில் என்ன செய்யலாம்? சின்னதாகக் கட்டிப் பிறகு பெருப்பிப்பது என்றால் முதலில் எதைக் கட்ட வேண்டும், எதை விட வேண்டும்?

கடன்பிரிவு:

30 இலட்சம், 15 வருடம், 12 வீதம் என்றால் மாதம் 36,000. சலுகை வட்டி கிடைத்தால் இன்னும் குறையும். உங்கள் வருமானத்தில் மூன்றில் ஒன்றுக்குள் வருகிறது, ஆனாலும் பேர்ண் அண்ணை சொன்ன மாதிரி வட்டி கூடினால் தாங்குமா என்று ஒருக்கால் கணக்குப் பாருங்கள். அதோடு அந்த 9 இலட்சத்தில் ஒரு 2 இலட்சத்தைத் தொடாமல் வையுங்கள். வீடு கட்டும்போது வருத்தம், செத்தவீடு, கல்யாணவீடு ஒன்றும் சொல்லிக்கொண்டு வராது, அந்த நேரத்தில்தான் ஆட்கள் மீட்டர் வட்டிக்குப் போகிறார்கள்.

உருத்திரபுரம் மேசன்:

நான் முப்பது வருடமாக மேசன் கரண்டி பிடிக்கிறவன், இடம்பெயர்ந்து போன இடத்திலும் அதுதான் தொழில். பெருப்பிக்கிற வீடு எப்படிக் கட்டுவது என்று கேட்டபடியால் சொல்கிறேன்.

முழு வீட்டுக்கும் இப்போதே வரைபடம் கீறுங்கள், 1,200 அடிக்கும். அதில் எந்தப் பகுதி முதல், எந்தப் பகுதி பிறகு என்று கோடு போடுங்கள். பலர் சின்ன வீட்டுக்கு ஒரு படம் கீறிக் கட்டிவிட்டுப் பிறகு ஒட்டுவார்கள். கூரை சரிவு சேராது, அறைக்குள்ளால் அறை போகும், மழைத்தண்ணி பொருத்தில் இறங்கும், பிறகு உடைக்கிற செலவு கட்டுகிற செலவை விடக் கூட. முதல் கட்டத்துக்கு இரண்டு அறை, குசினி, குளியலறை, ஒரு சின்ன விறாந்தை. 450 அடிக்குள் வரும். ஒப்பந்தக்காரரிடம் முழு ஒப்பந்தமாகக் கொடுக்காமல் சாமானை நீங்கள் எடுத்து, கூலியை மட்டும் பேசுங்கள். நேரம் இருக்கிற ஆட்கள் இப்படிச் செய்தால் நல்ல மிச்சம் வரும், ஆனால் பின்னேரத்தில் ஒருவர் வந்து நின்று சாமான் பார்க்கத்தான் வேண்டும்.

மாடி போடுகிற எண்ணம் இருக்கிறதா இல்லையா என்று இப்போதே முடிவு எடுங்கள். 'பிறகு பார்ப்போம்' என்று தூண் கம்பியை மேலே நீட்டி விட்ட வீடுகள் எங்கும் நிற்கின்றன, கம்பி துருப்பிடித்துத் தூணே வெடிக்கிறது. இந்தக் காசுக்கு மாடி வேண்டாம். மாடி இல்லையென்றால் அத்திவாரத்திலும் தூணிலும் இலட்சக்கணக்கில் மிஞ்சும். உங்கள் பக்கத்து நிலம் சில இடத்தில் களி, மாரியில் ஊறிக் கோடையில் வெடிக்கும். அதனால் அத்திவாரத்தில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள், அத்திவாரத்துக்கு மேலே சுற்றிவரப் போகிற நிலப்பட்டி பீம் கட்டாயம் போடுங்கள். வெள்ளம் எந்த மட்டத்துக்கு வந்தது என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டு, அதற்கு மேலே தரையை வையுங்கள்.

தண்ணீர் முதலில். கிணறு வெட்டிவிட்டுத்தான் அத்திவாரம், இல்லையென்றால் பவுசர் தண்ணீரிலேயே காசு போகும், சீமெந்து வேலைக்கு நனைப்பும் ஒழுங்காக நடக்காது. மணல், கல் எல்லாம் கோடையில் எடுங்கள். மாரி தொடங்கினால் டிப்பர் ஒழுங்கைக்குள் வராது, விலையும் ஏறும். ஒழுங்கைக்காரன் தம்பி இதற்குச் சாட்சி சொல்லுவார்.

போட்டிக்கோ, மதில், பெரிய கேற், சீலிங் ஒன்றும் இப்போது வேண்டாம். வேலியே போதும், அரை ஏக்கருக்கு மதில் கட்டுகிற காசில் இரண்டு அறை கட்டலாம். வெளிப்பூச்சையும் விடலாம். ஆனால் உட்பூச்சு, கூரை, மலசலகூடக் குழி மூன்றிலும் குறைக்க வேண்டாம், குழி கிணற்றிலிருந்து நல்ல தூரத்தில் இருக்கட்டும். வயர் இழுக்கும்போது பிறகு வரப்போகிற அறைகளுக்கும் சேர்த்துக் குழாய் போட்டு விடுங்கள்.

கல் வைக்க நாள் பார்ப்பதற்கு முன் அந்த முழு வரைபடத்துக்கும் பிரதேச சபையில் அனுமதி எடுங்கள். வங்கியும் அதைத்தான் கேட்கும், இரண்டாம் கட்டத்துக்குக் கடன் எடுக்கப் போகும்போதும் அதே படம் கைகொடுக்கும். பெர்மிட் மாற்றம் முடிய மாதக்கணக்கில் எடுக்கலாம், அதற்குள் வரைபடம், கிணறு இரண்டையும் பாருங்கள். காணி எந்தப் பக்கம் என்று சொன்னால் மண் எப்படி என்று சொல்லுவேன், அந்தப் பக்கத்தில் நிறைய வீட்டுக்கு அத்திவார வாண் வெட்டியிருக்கிறேன்.